வெள்ளிக்கிழமைக்கு நாற்பது ரூபாய்

கேள்வி கேட்பதற்கு வரி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஜனங்கள் கேள்வி கேட்கிற பழக்கத்தையே பாதி மறந்துபோயிருந்தார்கள்.

யாரும் யாரையும் தடுக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரசாங்கத்திடம் விவரம் கேட்கிற உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் மாடியில் அதற்கென்று ஏசி போட்ட அறை, உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் போட்டிருந்தார்கள்: ‘கேள்வி உங்கள் உரிமை. வரி உங்கள் கடமை.’

வரி எல்லாக் கேள்விக்கும் ஒன்றுபோல இல்லை. அதற்கு ஒரு இயந்திரம் இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் ‘தராசு’ என்றார்கள். கேள்வியை அதனிடம் சொன்னால், பதில் கொடுப்பதால் அரசாங்கத்துக்கு எவ்வளவு சிரமம், எவ்வளவு சங்கடம் என்று நிறுத்துப் பார்த்து ஒரு தொகை சொல்லும். கட்டினால் அந்த நிமிஷமே பதில் அச்சாகி வரும். உண்மையான பதில். பொய் மட்டும் சொல்லாது. அதில் அரசாங்கத்துக்கே ஒரு பெருமை உண்டு.

ரோட்டு விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டால் எண்ணூறு ரூபாய். பள்ளிக்கூடத்தை ஏன் மூடினீர்கள் என்று கேட்டால் பதினெட்டாயிரம். ஜனங்கள் தொகையைக் கேட்பார்கள், ஒரு நிமிஷம் நிற்பார்கள், படியிறங்கிப் போய்விடுவார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் இறங்கிப் போனார்கள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

வியாகுலம் அந்த அறைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. நொச்சித்தாழைக் கடற்கரையில் முப்பது வருடமாக மீன் ஏலம் எடுத்து, உள்ளூர்ச் சந்தைகளில் விற்கிறவள். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அவள் மகன் ரெமிஜியுசும் அவன் மைத்துனன் தொம்மையும் போன வள்ளம் கரை திரும்பவில்லை. கடல் முழுக்க அரசாங்கத்தின் மிதவைகள் அந்தக் காலத்தில் காவல் நின்றன. எந்த வள்ளம் எங்கே போகிறது, யார் எந்த நேரத்தில் வயர்லெஸ்ஸில் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்று விடாமல் அவை எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைப் பார்த்துப் பத்தாம் நாள் கண்காணிப்புத் துறை ஒரு காகிதம் கொடுத்தது. அன்று இரவு எழுந்த காற்றில் வள்ளம் கவிழ்ந்தது, இருவருக்கும் உடனடி மரணம் என்று.

‘உடனடி’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மருமகள் அமலோற்பவம் என்கிற அமலி உயிரோடு இருந்தாள். போனது புருஷனும் கூடப்பிறந்த தம்பியும். ஐந்து மாதம் பாயோடு கிடந்தாள். பிறகு தானாக ஒருநாள் எழுந்து தலை சீவினாள். ஐஸ் பிளான்டில் வேலைக்குப் போனாள். ஒரு தடவை, நீங்கள் நம்பமாட்டீர்கள், பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து துணியைத் தின்றதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அப்போதுதான் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் வாய் தவறிச் சொன்னார். காற்றடித்த மறுநாள் மத்தியானம் தன் வயர்லெஸ் செட்டில் ஒரு குரல் கேட்டது, ரெமி என்று பெயர் சொன்ன மாதிரி இருந்தது, சரியாகக் கேட்கவில்லை என்று.

அன்றைக்கு அமலி சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்தாள். மூன்று நாள் அப்படியே இருந்தாள்.

“மாமி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அவிய கூப்பிட்டாவளா? கூப்பிட்டும் யாரும் வராமப் போயிட்டாவளா?”

“கண்டவன் சொன்னதெல்லாம் நம்பாத மக்ளே. காத்துல ஆயிரம் குரல் கேக்கும்.”

“கூப்பிட்டிருந்தா நான் இருக்கமாட்டேன் மாமி. சொல்லிட்டேன்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் வியாகுலம் பயந்தாள். தன் காதில் கிடந்ததைக் கழற்றி விற்று, ஆறாயிரம் ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

*

கேள்வி அறையில் உட்கார்ந்திருந்தவர் பெயர் தவசிக்கனி. நல்ல மனிதர். ஆனால் அவருடைய வேலை விசித்திரமானது. கேட்காமல் திரும்பிப்போனவர்களை ஒரு பட்டியலில் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் மேலிடத்தில் பாராட்டுவார்கள். அந்த மாவட்டத்திலேயே அவருடைய பட்டியல்தான் நீளம்.

“கேள்வியச் சொல்லுங்கக்கா. இந்த மைக்குக்கு நேரா.”

வியாகுலம் குனிந்தாள். “என் மவன் ரெமிஜியுஸ் வள்ளம் காணாமப் போச்சு. மறுநாளு திங்கக்கிழம அந்த வள்ளத்துலேருந்து யாராவது கூப்பிட்டாவளா?”

தராசு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. திரையில் எண் வந்தது. தவசிக்கனி அதை வாசிக்குமுன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பதினாலு லட்சம்.”

“எவ்வளவு?”

“பதினாலு லட்சம் ரூபாய்க்கா.”

“ஏய்யா, நான் வள்ளமா வெலைக்குக் கேட்டேன்? ஆமா, இல்லன்னு ஒரு வார்த்த.”

பின்னால் நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். “அந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா வரி. நான் வாராவாரம் வந்து எங்க பள்ளிக்கூடத்தைப் பத்திக் கேக்கேன். பதினெட்டாயிரம்ங்கறான். பென்ஷன் எவ்வளவு தெரியுமா?”

“பெறகு ஏன் வாராவாரம் வாரிய?”

“ஏசி நல்லாயிருக்கு.”

வியாகுலம் தவசிக்கனியைப் பார்த்தாள். “கேக்குறது எங்க உரிமைன்னு செவுத்துல எழுதியிருக்கிய. உரிமைக்கும் வரியா தம்பி?”

“கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியேக்கா. கட்டிட்டுக் கேளுங்கன்னுதான சொல்றோம்.”

“பள்ளிக்கூடத்துல பிள்ளைய அடிச்சி வெரட்டாம, பீஸ ஏத்தி அதுவாப் போக வைக்கானே, அதுமாதிரி,” என்றாள் வியாகுலம்.

“இது செல்லுமா செல்லாதான்னு கோர்ட்டுல கேஸ் இருக்கு.”

“என்ன ஆச்சு அந்தக் கேசு?”

தவசிக்கனி தலை குனிந்தார். “அதக் கேட்டா மூவாயிரத்து நானூறு.”

தலைமையாசிரியர் இன்னொரு தரம் சிரித்தார். இந்தத் தடவை அவ்வளவு சத்தமாக இல்லை.

வியாகுலம் எழுந்து வாசல்வரை போனாள். தவசிக்கனி பட்டியலில் அவள் பெயரை எழுத ஆரம்பித்தார். வி, யா, கு என்று எழுதியபோது அவள் நின்றுவிட்டாள்.

ஏலக்கரையை நீங்கள் பார்த்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மழை நாளில் சில வள்ளக்காரர்கள் மீன் கூடையை வலையால் மூடியே கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே சாளையா, சீலாவா, கணவாயா, வெளியில் தெரியாது. கம்பெனி ஏஜென்டுக்கு மட்டும் வள்ளத்திலிருந்தே போன் வந்திருக்கும். அவன் எங்கோ பார்த்தபடி நிற்பான், கொட்டாவி விடுவான், இந்தக் கூடையில் எனக்கு ஒன்றுமில்லை என்பதுபோல இருப்பான். ஆனால் கேட்கிற தொகையில் மாட்டிக்கொள்வான். பக்கத்துக் கூடைக்கு ஐந்நூறு கேட்டவன் இந்தக் கூடைக்கு ஆறாயிரம் கேட்டால் உள்ளே சிங்கி இறால் இருக்கிறது என்று வியாகுலத்துக்கு வலையைத் தூக்காமலே தெரியும். முப்பது வருடம் அவள் அப்படித்தான் பிழைத்தாள். ஏஜென்டின் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்துக் கூடைக்கு அவன் கேட்ட தொகையைத்தான் மனசில் வைத்திருப்பாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, இந்தத் தராசு எப்படி வெல சொல்லுது? கேள்வியப் பாத்தா, பதிலப் பாத்தா?”

“பதிலப் பாத்துட்டுத்தான். பதில் தெரியாம அது எவ்வளவு சங்கடம்னு எப்படி நிறுக்கும்?”

“அப்போ பதிலு அதுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“இன்னொரு கேள்விக்கு வெல கேட்டா காசு உண்டா?”

“விலை கேக்கக் காசு இல்லக்கா. கட்டுறதுக்கு முன்னாடி தொகையச் சொல்லிடணும்னு சட்டம்.”

எத்தனை கேள்விக்கு விலை கேட்கலாம் என்று சட்டத்தில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை. முதல் தொகையைக் கேட்டபிறகும் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

“அதே ராத்திரி எங்க ஊரு அந்தோணிப்பிச்சை வள்ளமும் கடல்ல இருந்துது. காலையில கரைக்கு வந்துட்டாரு. அவரு வள்ளத்துலேருந்து திங்கக்கிழம யாராவது கூப்பிட்டாவளா?”

திரை உடனே பதில் சொன்னது.

“நாற்பது ரூபாய். அதான் ஆகக் குறைஞ்ச வரி.”

“அண்ணைக்குக் காத்து எவ்வளவு?”

“நாற்பது.”

“ரெமி வள்ளம் எத்தன மணிக்குக் கரைய விட்டுது?”

“நாற்பது.”

“ரெமி வள்ளம் அந்த ராத்திரி கவுந்துதா?”

தராசு நேரம் எடுத்தது. தவசிக்கனியின் விரல் மேசையில் தாளம் போடுவதை நிறுத்தியது.

“ஒன்பது லட்சம்.”

வியாகுலம் முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த அறை ரொம்பக் குளிராக இருந்தது.

தவசிக்கனிக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் எழுந்து கதவை மூடினார். வந்து உட்கார்ந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“அக்கா, நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குப் புரியுது. இதுக்கு மேல வேண்டாம். கேக்குற விலையெல்லாம் பதிவாகுது. எனக்கும் பிள்ளைங்க இருக்கு.”

“எனக்கும் இருந்துச்சிய்யா ஒண்ணு.”

அவர் கையை எடுக்கவில்லை.

“ஒன் வேலைக்கு ஒண்ணும் வராம நானே மைக்குல கேக்கேன். நீ வெலய மட்டும் சொல்லு. அதுதான ஒனக்க வேல?”

“தெரிஞ்சி என்னக்கா செய்யப் போறீங்க? கேஸ் போட இந்த விலையெல்லாம் சாட்சி ஆகாது. பதில் காகிதம் வேணும். அதுக்குப் பதினாலு லட்சம் வேணும்.”

“கேசு யாரு போடப்போறா? பெத்தவளுக்குத் தெரியாண்டாமா?”

தலைமையாசிரியர் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தவசிக்கனி கையை எடுத்தார்.

“அதுக்கு மறுநாளு, செவ்வாக்கிழம, அந்த வள்ளத்துலேருந்து யாராவது கூப்பிட்டாவளா?”

“இருபத்திரண்டு லட்சம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரெமிக்குச் சின்ன வயசில் ஒரு பழக்கம். கக்கூஸுக்குப் போனாலும் உள்ளேயிருந்து அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். நீ நிக்கியா, நீ நிக்கியா என்பான். அவள் வெளியே நின்று ஆமாலே, ஆமாலே என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

“புதங்கிழம?”

“கேள்விய முழுசாச் சொல்லணும்க்கா.”

“புதங்கிழம அந்த வள்ளத்துலேருந்து யாராவது கூப்பிட்டாவளா?”

“முப்பத்தொரு லட்சம்.”

“வியாழக்கிழம அந்த வள்ளத்துலேருந்து…” தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து சொன்னாள்.

“ஐம்பத்தாறு லட்சம்.”

நாளாக ஆக விலை ஏறிக்கொண்டே போனது. எத்தனை நாள் குரல் கேட்டுக்கொண்டிருந்தும் காப்பாற்ற யாரும் போகவில்லையோ, அத்தனைக்குப் பதிலின் கனம் கூடத்தானே செய்யும். தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அக்கா, போதும்.” தவசிக்கனியின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“வெள்ளிக்கிழம அந்த வள்ளத்துலேருந்து யாராவது கூப்பிட்டாவளா?”

திரை உடனே பதில் சொன்னது. நேரமே எடுக்கவில்லை. தவசிக்கனி பார்த்துக்கொண்டே இருந்தார், வாசிக்கவில்லை.

“சொல்லுய்யா.”

“நாற்பது ரூபாய்.”

ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

தவசிக்கனிதான் முதலில் பேசினார். “மீட்புப் படகு ஏன் போகலன்னு… அதுக்கு வேணும்னா விலை கேட்டுப் பாக்கட்டுமா? நானே கேக்கேன்.”

அவர் பயத்தைத் தாண்டி அதைச் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. கை நீட்டி அவர் கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

“வேண்டாம்யா. அதுக்கு ஒன் தராசுல எண்ணு பத்தாது.”

பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்தாள். ஆறாயிரத்தில் கை வைக்காமல், பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையிலிருந்து நாற்பது ரூபாய் எடுத்து மேசையில் வைத்தாள்.

“கடைசிக் கேள்விக்கு ரசீது போடு.”

“எதுக்குக்கா? அதுக்குத்தான் பதில் தெரிஞ்சிருச்சே.”

“என் கையில கவர்மென்டு கொடுத்த ஒரு பதிலாவது இருக்கட்டும்.”

காகிதம் வந்தது. மூன்று வரி. முதல் வரியில் கிழமையும் தேதியும். இரண்டாவது வரியில் வள்ளத்தின் எண். மூன்றாவது வரியில், ‘மேற்படி வள்ளத்திலிருந்து அழைப்பு எதுவும் இல்லை.’ கீழே அரசாங்க முத்திரை.

தவசிக்கனி பட்டியலை எடுத்தார். வி, யா, கு என்று பாதியில் நின்ற பெயரை அடித்தார். கேட்டவர்கள் பட்டியல் என்று இன்னொன்று இருந்தது. அதில் அந்த மாதத்தின் முதல் பெயராக அவள் பெயரை எழுதினார்.

தலைமையாசிரியர் வாயும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே மாடிப்படி நிறைய ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். யார் கையிலும் பணமில்லை, விலை கேட்க மட்டும் வந்திருந்தார்கள். அடுத்த மாதம் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். விலை கேட்பதற்கே ஐயாயிரம் வரி. வரிசை ஒரே நாளில் காணாமல் போனது. தவசிக்கனியை மூன்று மாவட்டம் தள்ளி மாற்றினார்கள். ஏன் என்று கேட்கிற உரிமை அவருக்கும் இருந்தது.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வியாகுலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நாலு நாள். தண்ணீர் எத்தனை குடம் கொண்டுபோனார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. ஒரு குடம். தொம்மைக்கு வெயில் தாங்காது. பிறகு மனசைப் பிடித்து இழுத்து, வீட்டில் இருக்கிறவளைப் பற்றி யோசித்தாள். அந்த ஊரில் ஏலக்கரையில் வளர்ந்த பெண் வியாகுலம் மட்டும் இல்லை. அமலியின் தாயும் கூடை தூக்கியவள்தான். பத்து வயசிலேயே அமலி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஏஜென்டுகள் நடுவில் நின்றவள்.

*

அமலி வாசல் நடையில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவவில்லை. மாமி வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

“கேட்டியளா?”

“கேட்டேன்.”

“எவ்வளவு சொன்னான்?”

வியாகுலம் பஸ்ஸில் பயந்து வந்தது இந்தக் கேள்விக்குத்தான். என்ன பதில் என்று அவள் கேட்கவில்லை. எவ்வளவு என்று கேட்டாள். லட்சம் என்று வாய் அசைந்தாலும் போதும், இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

“நாப்பது ரூவா.”

அமலி நிமிர்ந்து பார்த்தாள். “நாப்பதா?”

“ஆகக் கொறஞ்ச வரியே அதான். கட்டிட்டேன். இந்தா காயிதம்.”

காகிதத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். கட்டைவிரல், கிழமையும் தேதியும் போட்டிருந்த முதல் வரியின் மேல் இருந்தது.

அமலி வாசித்தாள். வள்ளத்தின் எண்ணை வாசித்தாள். மூன்றாவது வரியை வாசித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்ப மூன்றாவது வரிக்குப் போனாள்.

“கூப்பிடல மாமி.”

“கூப்பிடல மக்ளே.”

“தெரிஞ்சே இருக்காது, இல்லியா? தூக்கத்துலகூட இருந்திருப்பாவ.”

“தூக்கத்துலதான்.”

அமலி அழுதாள். மூன்று நாளாக அடைத்துக்கிடந்தது உடைந்து, சத்தமாக, நல்லபடியாக அழுதாள். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெட்கப்பட்ட மாதிரி கேட்டாள்:

“கஞ்சி இருக்கா மாமி?”

“இருக்கு. எடுத்துட்டு வாரேன்.”

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. அமலி இன்னும் காகிதத்தின்மேல் கண்ணை வைத்திருந்தாள். வியாகுலம் விரலை எடுக்காமலே அதை மடிக்கப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை.